ஏஎஃப்ஏவா, காமிக் ஃபியஸ்டாவா? ஜொகூரிலிருந்து போட்ட கணக்கு

அக்கா மகள் இந்த ஆண்டு படிவம் நான்கு. தீபாவளிக்கு உறையில் கிடைத்த அங்பாவ் பணத்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். மேசையில் கொட்டி எண்ணினோம். 420 ரிங்கிட். “மாமா, ஒன்னுக்குத்தான் போக முடியும். எதுக்குப் போகலாம், நீங்களே சொல்லுங்க” என்றாள்.

ஒன்று, நவம்பர் கடைசியில் சிங்கப்பூர் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடக்கும் அனிமே ஃபெஸ்டிவல் ஏசியா. அனிமே என்றால் ஜப்பானிய அசைபடங்கள், அவற்றின் ரசிகர்கள் கூடும் விழா இது. ஏஎஃப்ஏ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இன்னொன்று, டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு முன்னால் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா, சுருக்கமாக சிஎஃப். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் யோசிக்காமல் சிஎஃப்புக்குப் போய்விடுவார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஏஎஃப்ஏவுக்குப் போவார்கள். ஜொகூர் பாருவில் இருக்கும் நமக்குத்தான் ஆண்டுதோறும் இந்தக் கேள்வி.

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் கேள்வியே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சன்டெக் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சிஎஃப் பெரும்பாலும் நடக்கும் கோலாலம்பூர் கே.எல்.சி.சி. ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அக்கா உடனே “சிங்கப்பூருக்கே போங்க, ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்” என்று சொல்லிவிட்டாள். நான் இரண்டு விழாக்களுக்கும் பல முறை போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

ஏஎஃப்ஏவில் என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். அது 2008இல் தொடங்கியது. ஜப்பானில் அனிமே தயாரிப்பவர்களையும் பாடுபவர்களையும் குரல் கொடுப்பவர்களையும் இந்தப் பக்கம் வரவழைப்பதுதான் அதன் உயிர். அதிகாரபூர்வ நிறுவனங்களின் பெரிய பூத்துகள், இன்னும் கடைக்கு வராத ஃபிகர்கள் (அனிமே பாத்திரப் பொம்மைகள்), வண்ணம் பூசாத மாதிரிகள் கண்ணாடிப் பெட்டிக்குள், மேடையில் செய்யூக்கள், அதாவது குரல் நடிகர்கள், ஜப்பானிய மொழியில் பேச ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது, இப்படிப் போகும் பகல் நேரம். மாலையில் ‘ஐ லவ் அனிசாங்’ இசை நிகழ்ச்சி. அனிசாங் என்றால் அனிமே பாடல். அதற்குத் தனி டிக்கெட். முதல் ஆண்டிலேயே மூத்த பாடகர் இச்சிரோ மிசுகி வந்து பாடினார். 2022இல் அவர் காலமான செய்தி வந்தபோது, அந்த மேடையை நேரில் பார்த்த சிங்கப்பூர் நண்பர் ஒருவர் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இந்த இசை நிகழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சின்ன வயதில் டோராஎமோனை மலாய் மொழியில் டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பாடல்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கும் மூச்சு வாங்கும், வியர்க்கும் என்பது மனதில் பதிய எத்தனையோ ஆண்டுகள் ஆனது. முதல் தடவை அந்த அரங்கில் நின்றபோது, பாட்டின் முதல் வரி வருவதற்கு முன்பே ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும் ஆயிரக்கணக்கான பென்லைட்டுகள் ஒரே நிறத்துக்கு மாறின. யாரும் அறிவிக்கவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்த நிறம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற இந்தோனேசியப் பையன் தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டான். பாட்டுக்காக அனிமே பார்ப்பவர், குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுபவர் என்றால், நீங்கள் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு ஏஎஃப்ஏவுக்கு டிக்கெட் எடுக்கலாம். சிஎஃப்பில் அந்த இரவு கிடைக்காது.

காமிக் ஃபியஸ்டா வயதில் மூத்தது. 2002இல் தொடங்கியது. வரைபவர்கள் ஒரு மேசை போட்டுத் தாங்கள் வரைந்ததை வைத்துக்கொண்டு உட்காரும் இடம் அது. பெரிய விளையாட்டு நிறுவனங்களின் பூத்துகள், மேடை நிகழ்ச்சிகள், பாத்திரங்களைப் போல வேடமிடும் காஸ்பிளே போட்டி எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. ஆனாலும் கூட்டம் நகராமல் நிற்பது அந்த மேசை வரிசைகளில்தான். நூற்றுக்கணக்கான மேசைகள். ஸ்டிக்கர், கீசெயின், அக்ரிலிக் ஸ்டாண்ட், ஆர்ட் பிரிண்ட், சொந்தமாக அச்சடித்த காமிக்ஸ். மேசைக்குப் பின்னால் இருப்பவர் விற்பனையாளர் இல்லை, அதை வரைந்தவரே.

இந்த வழக்கம் தோக்கியோவின் காமிக் மார்க்கெட்டிலிருந்து வந்தது. காமிகெட் என்பார்கள். 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய சின்னச் சந்தை அது. 2019இல் நான்கு நாட்களுக்கு ஏழு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கே ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டர் என எல்லாருக்கும் ‘பங்கேற்பாளர்’ என்று ஒரே பெயர். சிஎஃப்பின் மேசைகளுக்கு நடுவே நடக்கும்போது அந்த வாசனை இன்னும் இருக்கிறது. ஏஎஃப்ஏவிலும் வரைபவர்களுக்கு ஒரு பகுதி உண்டு, நல்ல பகுதிதான். ஆனால் அங்கே அது விழாவின் ஒரு மூலை. சிஎஃப்பில் அதுதான் நடுவீடு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிஎஃப்பில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் மேசையைப் பார்த்தேன். பிரபலமான அனிமே பாத்திரங்களுக்குக் கண்டாங்கிச் சேலையும் மல்லிகைச் சரமும் போட்டு வரைந்திருந்தாள். மலாய், சீனப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மலாய்ப் பெண் மல்லிகையைக் காட்டி, இதை எப்படித் தலையில் நிற்க வைப்பது என்று கேட்டாள். அந்தப் பெண் எழுந்து தன் பின்னலைத் திருப்பிக் காட்டி விளக்கினாள். நானும் ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்து அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் அதை இன்னும் ஒட்டவில்லை. பென்சில் பெட்டியின் மூடிக்குள் வைத்திருக்கிறாள். இவளும் வரைபவள். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்கள் முழுவதும் கண்களும் கைகளும்தான்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

சிங்கப்பூருக்கான 30 கிலோமீட்டரில் இரண்டு குடிநுழைவுச் சாவடிகளும் ஒரு கடற்பாலமும் இருக்கின்றன. சில நாள் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். சில நாள் மூன்று மணி நேரம் பேருந்துக்குள்ளேயே நிற்க வேண்டியிருக்கும். ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்சுக்குப் போகும் ஷட்டில் தெப்ராவ் ரயில் கிடைத்தால் பிரச்சினையே இல்லை. ஐந்து நிமிடத்தில் அக்கரை. இங்கிருந்து போக 5 ரிங்கிட், அங்கிருந்து திரும்ப 5 சிங்கப்பூர் வெள்ளி. ஆனால் வார இறுதி டிக்கெட்டுகள் பல நாள் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். உட்லண்ட்சிலிருந்து எம்ஆர்டி ரயிலில் சிட்டி ஹால் வரை வந்தால், நிலத்தடி நடைபாதை வழியாகவே சன்டெக் பக்கம் போய்விடலாம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஏஎஃப்ஏ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் நடக்கும். ஜொகூரிலிருந்து போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று மாலை சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்கள் அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள். ஞாயிறுதான் நமக்கு ஏற்ற நாள். அன்றிரவு நெரிசல் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும், நாம் எதிர்த்திசையில் வருவோம். முன்பெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு போக வேண்டுமென்றால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறியது இந்த விஷயத்தில் பெரிய வசதி. கடப்பிதழோடு, சிங்கப்பூர் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புவதையும் மறக்கக் கூடாது.

கோலாலம்பூர் தூரம்தான். ஆனால் நேரான தூரம். லார்க்கினில் பேருந்து ஏறினால் நாலரை மணி நேரத்தில் கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையம். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், பிறகு எல்ஆர்டி ரயிலில் கே.எல்.சி.சி. டிசம்பர் பள்ளி விடுமுறை என்பதால் நெடுஞ்சாலை நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நான் ஏறவேண்டிய பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, சனிக்கிழமைக் காலையே வீணாகிவிட்டது. அதிலிருந்து வெள்ளி இரவே கிளம்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சித்தப்பா வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதால் தங்கும் செலவு இல்லை. யாரும் இல்லாதவர்கள் ஓர் இரவுக்கான அறை வாடகையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு மாறும். சிஎஃப் பெரும்பாலும் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில்தான் நடந்திருக்கிறது, ஆனால் வேறு இடங்களிலும் நடந்ததுண்டு. அறையைப் பதிவு செய்யும் முன் அந்த ஆண்டின் இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. 420 ரிங்கிட்டை மாற்றினால் 130 வெள்ளி சொச்சம். நுழைவுச்சீட்டு, ரயில், ஒரு வேளைச் சாப்பாடு போனால், அதிகாரபூர்வப் பூத்தில் ஒரே ஒரு நல்ல பொருள் வாங்கலாம். இசை நிகழ்ச்சி டிக்கெட் அதற்குள் அடங்காது. சிஎஃப்பில் அதே 420 நிறைய நேரம் தாங்கும். போகவர பேருந்துக்கு 80 ரிங்கிட் எடுத்து வைத்தாலும், 5 ரிங்கிட் ஸ்டிக்கரும் 15 ரிங்கிட் கீசெயினும் 20 ரிங்கிட் பிரிண்டும் வாங்கும் இடத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் இரண்டு நாள் ராணி மாதிரி நடக்கலாம். அப்புறம் அந்தப் பணம் யாரிடம் போகிறது என்பதும் எனக்கு முக்கியம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் அதை வைத்துத்தான் அடுத்த புத்தகத்தை அச்சடிப்பார்.

காஸ்பிளே போடுபவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். வேடம் போட்டுக்கொண்டே கடற்பாலத்தைத் தாண்ட நினைக்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிநுழைவில் முகத்தையும் கருவிழியையும் பதிந்து சரிபார்க்கிறார்கள். விக்கும் கனமான ஒப்பனையும் நிற லென்சுமாகப் போய் நின்றால், நீங்களும் தாமதமாவீர்கள், உங்கள் பின்னால் நிற்பவர்களும் தாமதமாவார்கள். துப்பாக்கி போலத் தோன்றும் எந்தப் பொருளையும் எடுத்துப் போகவே வேண்டாம், பொம்மைக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அட்டையிலும் ஃபோமிலும் செய்த வாள்கூடச் சோதனையில் கேள்விக்கு இடம் தரும். சன்டெக் போய்ச் சேர்ந்து உடை மாற்றுவதுதான் வழி, அப்படியானால் உடைப் பையை நாள் முழுவதும் சுமக்க வேண்டும். கோலாலம்பூரில் இந்தத் தொல்லை குறைவு. எல்ஆர்டியில் நீல விக்கோடு ஏறினால் எதிரே இருக்கும் பாட்டி சிரிப்பார், அவ்வளவுதான். மண்டபத்திலிருந்து சூரியா கே.எல்.சி.சி.க்குப் போகும் நடைவழி முழுவதும் வேடமிட்டவர்கள் உட்கார்ந்து விக் சரிசெய்துகொண்டிருப்பார்கள். வெளியே பூங்காவில் இரட்டைக் கோபுரத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கலாம். மாலை மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், டிசம்பர் மழை சொல்லிக்கொண்டு வராது.

கூட்டம் இரண்டிலும் கூட்டம்தான். சிஎஃப் இரண்டே நாள் என்பதால் நெரிசல் இன்னும் அடர்த்தி. காலை வரிசையில் வேர்க்கும், உள்ளே போனதும் குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் வேண்டும். கைப்பேசித் தொடர்பு நடுநடுவே போய்விடும். அதனால் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சன்டெக் என்றால் பெரிய நீரூற்று, கே.எல்.சி.சி. என்றால் அக்வேரியா வாசல். யாரும் தேடாமல் கண்டுபிடிக்கும் இடங்கள் இவை.

பிள்ளையோடு போவதால் இதையும் சொல்லியாக வேண்டும். வேடம் போட்டவரைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். தோளில் கை போடக் கூடாது. இதை அவளுக்கும் சொன்னேன். அவளிடம் யாராவது இப்படி நடந்துகொண்டால் தயங்காமல் “வேண்டாம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தொண்டரிடம் போய் நிற்கச் சொன்னேன். இரண்டு விழாவிலும் தொண்டர்கள் இதைக் கவனமாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முதல் தடவை போகும் பதினாறு வயதுப் பெண்ணைத் தனியாக விடமாட்டேன். பெற்றோர் வர முடியாவிட்டால் மாமாவோ சித்தியோ யாராவது உடன் போகட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அக்கா ஒரு சரியான கேள்வி கேட்டாள். “அடுத்த வருஷம் அவளுக்கு எஸ்பிஎம். நவம்பர், டிசம்பர்னா பரீட்சை நேரம். ஏஎஃப்ஏ இந்த வருஷம் விட்டா அப்புறம் எப்போ?” உண்மைதான். எஸ்பிஎம் என்பது படிவம் ஐந்தின் பள்ளி இறுதிப் பரீட்சை. சிஎஃப்பும் அதே பரீட்சைக் காலத்தில்தான் விழும். ஆக இந்த ஆண்டு எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அது இரண்டு ஆண்டுக்கான தேர்வு.

அதனாலேயே நான் சிஎஃப் பக்கம் நின்றேன். ஏஎஃப்ஏவில் அவள் பார்க்கப் போவது, மிக உயரத்தில் இருப்பவர்களை. பார்த்து நெகிழ்ந்துபோவாள். திரும்பி வந்து கொஞ்ச நாள் அதையே பேசுவாள். அந்த மேடைக்கும் அவளுடைய கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே இருக்கும் படிகள் அவளுக்குத் தெரியாது. சிஎஃப்பில் பார்க்கப் போவது அடுத்த படியில் நிற்பவர்களை. கிள்ளான், ஈப்போ, பினாங்கு என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளைகள். எந்தக் கடையில் அச்சடிக்கிறாய், இந்தத் தாள் என்ன தாள், மேசைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வார்கள். அடுத்த ஓராண்டு வரையாமல் பாடப் புத்தகத்தோடு இருக்கப் போகும் பிள்ளைக்கு, திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த இடம் நம் நாட்டிலேயே, நம் பணத்தில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரையாத பிள்ளையாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நாள் முழுவதும் அனிசாங் கேட்கிற, செய்யூ பெயர்களை ஒப்பிக்கிற பெரிய அண்ணன் ஒருவன் வீட்டில் இருந்தால், அவன் சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் ஆண்டில் ஏஎஃப்ஏ ஞாயிற்றுக்கிழமைக்கும் இசை நிகழ்ச்சிக்கும் சேர்த்து அனுப்பிவைப்பேன். ஷட்டில் டிக்கெட்டை முதலில் எடு, அப்புறம் மற்றது என்பேன். ஜப்பானியப் பண்பாட்டைப் பார்த்தால் போதும் என்பவருக்கு இரண்டுமே வேண்டாம். ஷா ஆலமில் நடக்கும் போன் ஒடோரிக்குக் குடும்பத்தோடு போகலாம், 1977இலிருந்து நடக்கும் நடன விழா அது, நுழைவு இலவசம். ஏற்கெனவே இரண்டு தடவை சிஎஃப் பார்த்துவிட்ட, சொந்தமாக மேசை போடும் ஆசையுள்ள பிள்ளை என்றால், ஏஎஃப்ஏவின் வரைபவர் பகுதியை ஒரு முறை பார்த்துவரச் சொல்வேன். பல நாட்டு ஆட்களின் வேலையை ஒரே இடத்தில் பார்க்கலாம், விலை எப்படி வைக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அக்கா ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனை, ஞாயிறு மதியமே பேருந்து ஏறிவிட வேண்டும். சரி என்றேன்.

சிஎஃப்பில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. மேசை இல்லாதவர்களும் தாங்கள் வரைந்த சின்னச் சின்ன அட்டைகளையும் ஸ்டிக்கர்களையும் கொண்டு வந்து, வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். ஃபிரீபி என்பார்கள். காசு கிடையாது. இதைச் சொன்னதும் அவள் அறைக்குப் போய்விட்டாள். கையில் தே தாரிக் குவளையோடு நிற்கும் ஒரு பூனை, உள்ளங்கை அளவு அட்டையில். நாற்பது வரையப் போகிறாளாம், ஒவ்வொன்றிலும் பூனையின் முகம் வேறு மாதிரி இருக்க வேண்டுமாம். நேற்று இரவு வரை இருபத்து மூன்று முடிந்திருந்தன. மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். முதல் அட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், கிள்ளான் அக்கா இந்த ஆண்டும் வந்தால் அவருக்குக் கொடுப்பதற்கு.